நன்றாகத் தமிழ் பேசும் மேதா

அன்புள்ள மேதாவுக்கு,

இந்தக் கடிதத்தை அப்பாவை வாசிக்கச் சொல்லிக் கேள்.

"பூமி சூடாகுதுன்னு நாங்க சொன்னதெல்லாம் பொய். மத்தியானத்துல தாராளமா வெளியே போங்க" என்று நீ சொல்லும் வீடியோ இங்கே ஜனக்புரி முழுக்க ஓடுகிறது. உன் முகம், உன் குரல்.

"பருவநிலை படிச்ச உங்க பேத்தியே சொல்லிட்டாளே மாமி!" என்று கீழ்வீட்டு மாதங்கி சிரித்தாள்.

"அது கம்ப்யூட்டர்ல யாரோ செஞ்சதுடி. என் பேத்திக்கு இத்தனை சுத்தமாத் தமிழ் வராது" என்றேன்.

அவள் நம்பவில்லை. மத்தியான வெயிலில் குடைகூட எடுக்காமல் கடைக்குப் போனவளை, மயங்கிய நிலையில்தான் தூக்கிவந்தார்கள். இன்னும் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள்.

மற்றவர்களுக்காவது பொய்யென்று காட்டத்தான் அதை மறுபடி மறுபடி பார்த்தேன். நேற்று அது பேசி முடித்ததும், "சாப்பிட்டியாடி கண்ணு?" என்று கேட்டுவிட்டேன். பதில் வருமென்று போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சீக்கிரம் வா.

உன்னை மட்டுமே எதிர்பார்க்கும்,
பாட்டி