அண்டா உள்ளே, சின்னையா வெளியே

சேசு மரி சூசை துணை

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
25-11-1945

அன்பு மகள் லூசிக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் உன் அப்பாவும் உயிரோடும் சுகத்தோடும் இருக்கிறோம், புத்தியோடு இருப்பது நான் ஒருத்திதான். நீயும் மாப்பிள்ளை கிரிகரியும் வயிற்றுப் பிள்ளையும் நலம் என்று படித்ததும் மாதா படத்துக்கு முன்னால் முழங்காலிட்டு அழுதேன். தலைப்பிரசவத்துக்கு டிசம்பர் முதல் வாரம் சிங்கப்பூரில் ரயில் ஏறட்டுமா என்று கேட்டிருக்கிறாய். எட்டு நாளாக உன் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு, வா என்றும் எழுத முடியாமல் வராதே என்றும் எழுத முடியாமல் தவிக்கிறேன். பெற்ற மகளை வா என்று சொல்ல ஒரு தாய் யோசிக்க வேண்டிய நிலைமை வந்ததற்குக் காரணம் உன் அப்பா. முழுக்க அவர்தான் என்று சொன்னால் பாவம், பாதி அவர், பாதி இந்த ஊர் ஜெயில்.

நம் பித்தளை அண்டா உனக்கு நினைவிருக்கும், உன்னைப் பெற்றபோது எனக்கு வெந்நீர் வைத்தது. ஜப்பான்காரன் வீடு வீடாகப் பித்தளை கேட்டு வந்தபோது கோழிக்கூட்டுக்கு அடியில் குழி வெட்டிப் புதைத்து, மூன்று வருஷம் அதன் மேலேயே கோழி வளர்த்தேன். உனக்காகத்தான் வைத்திருந்தேன். வெள்ளைக்காரன் திரும்பி வந்தான் என்று செப்டம்பரில் தோண்டி எடுத்துத் தேய்த்துக் கவிழ்த்து வைத்தால், ஒரு மாதம்கூட ஆகவில்லை, ரயில்வே யார்டில் கூலி வேலை பார்த்த சின்னையா என்பவன் தூக்கிக்கொண்டு போய்விட்டான். பாசாரில் விற்கும்போது பிடித்துவிட்டார்கள். கள்ளன் லாக்கப்புக்குப் போனான், அண்டாவும் சாட்சிப் பொருள் என்று ஸ்டேஷனுக்குப் போனது. வழக்கு எப்போது என்று கேட்டால், ஏற்கெனவே நானூறு வழக்கு காத்திருக்கிறது அக்கா, பொங்கலுக்குப் பிறகு வந்து பாருங்கள் என்கிறார்கள். குழந்தை பொங்கலுக்குப் பிறகுதான் வரும் என்று யார் உத்தரவாதம் கொடுப்பது!

இதிலாவது கள்ளன் உள்ளே இருக்கிறானே என்று நான் ஆறுதல் பட்டுக்கொண்டிருந்தேன். அதையும் உன் அப்பா கெடுத்தார். பூசை முடிந்து கோவில் சபை ஆண்கள் ஞாயிறுதோறும் கைதிகளைப் பார்க்கப் போவது உனக்குத் தெரியும். அக்டோபர் இரண்டாம் ஞாயிறு அவித்த மரவள்ளியை எடுத்துக்கொண்டு போனார்கள். பத்துப் பேருக்குக் கட்டிய லாக்கப்பில் அறுபது பேராம். பெரிய ஜெயிலும் நிரம்பி வழிவதால் அங்கே இனி ஆளை அனுப்பாதே என்று சொல்லிவிட்டார்களாம். ஜப்பான்காரனோடு சேர்ந்து கெடுதல் செய்தவன், ரேஷன் அரிசி விற்றவன், கத்தியால் குத்தியவன், சட்டை திருடியவன் எல்லாரும் ஒரே கூண்டில். ஊருக்குத் தெரிந்த மனிதர் யாராவது ஜாமீன் கையெழுத்துப் போட்டால் சின்னக் குற்றவாளிகளை விட்டுவிடலாம் என்று இன்ஸ்பெக்டர் சொல்ல, சபை ஆண்கள் எல்லாரும் கூரையைப் பார்த்தபோது, முப்பது வருஷம் ரயில்வே கார்டு உத்தியோகம் பார்த்த உன் அப்பா ஸ்டானிஸ்லாஸ் துரை பேனாவை வாங்கிப் பதினொரு பேருக்குக் கையெழுத்துப் போட்டார். ரயில் புறப்படக் கொடி காட்டுவதுபோல் சர்ரென்று போட்டாராம். ஒன்பதாவது பெயர் சின்னையா. வீட்டுக்கு வந்து இதைச் சொன்னார். நம் அண்டா உள்ளே இருக்கிறது, அதைத் திருடினவனை நீங்களே வெளியே கூட்டிவந்துவிட்டீர்களா என்று கேட்டேன். பெயரைப் படித்தால் கை வராது மகதலேனா, அதனால் படிக்கவில்லை என்றார். இவரை என்ன செய்வது சொல்.

அன்றிலிருந்து திங்கட்கிழமைதோறும் காலை பத்து மணிக்குப் பதினொரு பேரையும் கூட்டிக்கொண்டு போய் ஸ்டேஷனில் காட்ட வேண்டும். ஒருவன் குறைந்தால் அவன் வரும்வரை அப்பா உள்ளே நிற்க வேண்டும். விடியும் முன்பே எழுந்து, பத்துமலைக் கல்லுடைக்கும் இடத்தில் ஒருவன், பாசாரில் இருவர் என்று கோழிகளைக் கூட்டில் அடைக்கப்போவதுபோல் தேடி அலைகிறார். சின்னையாவைத் தேட வேண்டியதில்லை, அவன் நம் சமையலறைத் தாழ்வாரத்தில்தான் படுத்துக்கொள்கிறான், ஓடிப்போகாமல் இருக்க அப்பா கண்டுபிடித்த வழி அது. போன மாதம்வரை பாத்திரம் மட்டும் தூக்கத் தெரிந்தவன், லாக்கப்பில் பக்கத்தில் நின்றவனிடம் பூட்டுத் திறக்கக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறான். என் அரிசிப் பெட்டிச் சாவி தொலைந்தபோது ஒரு கம்பியை விட்டுத் திறந்துகொடுத்தான். நன்றி சொல்வதா விளக்குமாற்றை எடுப்பதா என்று தெரியாமல் நின்றேன்.

இந்த மாதம் ஐந்தாம் தேதி நான் பயந்தது நடந்தது. பதினொரு பேரில் சுங்கை வே தோட்டத்து ஆள் வரவில்லை, அப்பாவை உள்ளே வைத்துவிட்டார்கள். நான் சோற்றுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு, இன்ஸ்பெக்டரையும் அப்பாவையும் ஒரே மூச்சில் ஏச வேண்டும் என்றுதான் போனேன். கம்பிக்கு வெளியிலிருந்து பார்த்தேன் லூசி. படுக்க இடமில்லாமல் முறை வைத்துப் படுக்கிறார்கள், மற்றவர்கள் நின்றுகொண்டே தூங்குகிறார்கள். வயிற்றுப்போக்குக்காரனை நகர்த்தக்கூட இடமில்லை. நடுவில் அப்பா, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு. அவர் பக்கத்தில் நம் அண்டா! அறுபது பேருக்குத் தண்ணீர் வைக்க வேறு பாத்திரம் இல்லையாம். ஒரு தகரக் குவளையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். என் பொருளைக் கொடு என்று கேட்க வாயைத் திறந்தேன், கேட்க முடியவில்லை. உள்ளே களிம்பு பிடித்திருக்கிறது, புளி போட்டுத் தேய்த்துவிட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுச் சோற்றைக் கொடுத்தேன். அப்பா அதை ஐந்து பேருக்குப் பங்கு போட்டார்.

மூன்று மணிக்குச் சுங்கை வே ஆள் வந்து சேர்ந்தான், காய்ச்சலாம். சைக்கிளில் பின்னால் உட்காரவைத்து மிதித்துக்கொண்டு வந்தவன் சின்னையா. நான்கூட ஒரு நிமிஷம் அவனை மெச்சிவிட்டேன். அப்போது பக்கத்து வீட்டு விஜயன் பின்னாலேயே ஓடிவந்து, அது என் சைக்கிள், சனிக்கிழமையிலிருந்து காணவில்லை என்று கத்தினான். திரும்பவும் உள்ளே போடுங்கள் என்று நான் சொன்னேன். இன்ஸ்பெக்டர் தலையில் கைவைத்துக்கொண்டு, எங்கே போடுவது, உங்கள் வீட்டுக்காரரை வெளியே எடுத்தால்தான் நிற்கவே இடம் கிடைக்கும் லா என்றார். அப்பா இரண்டாவது தடவை கையெழுத்துப் போட்டார். விஜயனும் சிரித்துவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான்.

இப்போது அவன் சிரிப்பதில்லை. போன வியாழக்கிழமை பட்டப்பகலில் அவன் மனைவி ரமணி, ஆறு மாதக் கர்ப்பிணி, ரேஷன் வாங்கிக்கொண்டு வரும்போது ஒருவன் பையைப் பிடுங்கித் தள்ளிவிட்டான். ரமணி ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள், பிள்ளையைப் பற்றி டாக்டர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. தள்ளியவனும் இடமில்லை என்று முந்தின வாரம் வெளியே விட்டவன்தான். அப்பாவின் பதினொரு பேரில் அவன் இல்லை. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும்வரை அப்பா இரண்டு நாள் சாப்பிடவில்லை. தெரிந்த பிறகும் சாப்பிடவில்லை. அவனுக்கும் என்னைப்போல ஒருவன்தானே கையெழுத்துப் போட்டிருப்பான் என்கிறார். எனக்குக் கோபம் எல்லார்மேலும் இருக்கிறது, கையெழுத்துப் போட்டவர்மேல், போடவைத்தவர்மேல், அந்தக் கூண்டின்மேல். அதைப் பார்த்த பிறகு எல்லாரையும் உள்ளேயே வையுங்கள் என்று சொல்ல என்னால் முடியவில்லை, ரமணியைப் பார்த்த பிறகு வெளியே விடுங்கள் என்றும் சொல்ல முடியவில்லை.

ஆகவே நீ வராதே. மனசு வலிக்கத்தான் எழுதுகிறேன். தாய் வீட்டில் பிரசவம் என்றால் தாய் இருக்கும் வீடுதானே, நான் அங்கே வருகிறேன், டிசம்பர் நான்காம் தேதி புறப்படுகிறேன். வெந்நீருக்கு ஏதாவது டின் பார்த்து வை. அப்பா ஆளைத் தேடி அலைவதால் வீட்டுச் சாவியை எதிர்வீட்டு இராஜம்மாவிடம் கொடுக்கிறேன், சின்னையாவுக்குச் சாவி தேவையில்லை என்று தெரிந்தும்தான் கொடுக்கிறேன். நீ கனமான குடம் தூக்காதே, தனியாகக் கடைக்குப் போகாதே, கையில் கண்ணாடி வளையல் போதும்.

அப்பாவால் என்னோடு வர முடியாது. முதல் பேரப்பிள்ளை பிறக்கிறபோது அவர் பதினொரு பேரை எண்ணிக்கொண்டிருப்பார். ஒன்று மறந்துவிடாதே, ஞானஸ்நானத்தை ஞாயிற்றுக்கிழமை வைக்காதீர்கள், வியாழக்கிழமை வைக்கும்படி உங்கள் சாமியாரிடம் மாப்பிள்ளையைப் பேசச் சொல். திங்கட்கிழமை ஸ்டேஷனில் காட்டிவிட்டு ரயில் ஏறினால் பிள்ளையைப் பார்த்துவிட்டு அடுத்த திங்களுக்குள் திரும்பிவிடலாம் என்று அப்பா காலண்டரில் கோடு போட்டு வைத்திருக்கிறார். மாதா உன்னையும் பிள்ளையையும் தன் மேலாடைக்குள் வைத்துக் காக்கட்டும். ஜெபமாலை சொல்லும்போது ரமணிக்காக ஒரு மணி, அந்த ஒரு வாரம் மட்டும் யாரும் ஓடிப்போகாமல் இருக்க அந்தப் பதினொரு பேருக்காகப் பதினொரு மணி உருட்டு.

உன் அம்மா
மகதலேனா ஸ்டானிஸ்லாஸ்