தங்கராசு சாப்பிட்டானா

டிச. 4, வியாழன்

கார்த்திகையில் இப்படி ஒரு வெயில். திரண்ட மேகம் மேற்கே போய்விட்டது, வழக்கம்போல.

இன்றைக்கு:
மாத்திரை.
பைக்குக்குக் காற்று.
மேடத்துக்கு இரண்டு பக்கம்.

நடந்ததை ஒருமுறையாவது நடந்தபடி எழுதிப் பாருங்கள் என்றார் மேடம். சரி, இங்கேயே எழுதித் தொலைக்கிறேன். ஐப்பசியில் உரக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். மயங்கி விழுந்தேன். மூட்டை மேல் விழுந்ததால் மண்டை தப்பியது. டாக்டர் அம்மாவை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, சரியாகச் சாப்பிட்டு எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்டார். விரதம் என்றேன். எந்தச் சாமிக்கு என்றார். வாயில் ஒரு பெயரும் வரவில்லை. டாக்டர்தான் கோவில்பட்டியில் இருக்கும் இந்தக் கவுன்சிலிங் மேடத்திடம் அனுப்பினார். வாரம் ஒருநாள், செவ்வாய்.

ஆடியில் அம்மனுக்கு, புரட்டாசியில் சனிக்கிழமை, கார்த்திகையில் ஐயப்பனுக்கு, மார்கழியில் முருகனுக்கு. மாலை போட்டவனிடம் யாரும் இன்னும் ரெண்டு வாய் என்று கெஞ்ச மாட்டார்கள். கையெடுத்துக் கும்பிடுவார்கள். சாமி என்பார்கள். பள்ளிக்கூடத்தில் எனக்கு வேறு பெயர். பூசணி.

மேடம் கொடுத்த வேலை கதை எழுதுவது. "உங்களப் பத்தி வேண்டாம். வேற ஒரு ஆளு. பக்கத்துக்கு ஒரு தடவ அவரு எதையாவது சாப்பிடணும். எவ்வளவுன்னு எழுதக் கூடாது. எப்படி இருந்துச்சுன்னு எழுதணும்."

நான் பிடித்த ஆள் தங்கராசு. குளத்தூர்ப் பக்கம் உப்பு ஏற்றும் லாரி டிரைவர். தொப்பை ஸ்டியரிங்கைத் தொடும். அதைப் பற்றி அவனுக்குக் கவலை கிடையாது. எனக்கு அவனை ரொம்பப் பிடிக்கும்.

டிச. 5, வெள்ளி

கடையில் ஈ ஓட்டினோம். மழை இல்லாமல் யார் யூரியா வாங்குவார்கள்.

வந்த ஒரே ஒருவர்: "என்ன சாமி, இந்தத் தடவ களுத்துல மாலையக் காணோம்?" ஸ்டாக் பார்ப்பதுபோல் உள்ளே போய்விட்டேன்.

சாயங்காலம் அப்பா ஒரு பை கொண்டுவந்தார். பச்சை வேட்டி, பச்சைச் சட்டை, துளசி மாலை. மார்கழி ஒன்றாம் தேதி போட்டால் தைப்பூசம் வரை. பிறகு திருச்செந்தூருக்கு நடை.

"கார்த்திகைல நீ போடல. வானத்தப் பாத்தியாலே."

பழி போடவில்லை. பஸ் வரவில்லை என்று சொல்வதைப் போலத்தான் சொன்னார். போன வருஷம் உளுந்து பிஞ்சு பிடிக்கிற நேரத்தில் ஒரு மழை பெய்தது. என் மகன் விரதத்துக்குப் பெய்தது என்று டீக்கடையில் எல்லோரிடமும் சொன்னவர். நம்பித்தான் சொன்னார். இந்த வருஷம் உளுந்து பூத்து நிற்கிறது, கரிசல் வெடிக்க ஆரம்பித்துவிட்டது.

பையைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு மண்டலம் முழுக்க யாரும் என் தட்டைப் பார்க்க மாட்டார்கள். இந்தச் சந்தோஷத்தை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

டிச. 7, ஞாயிறு

தலைவலி. துணி துவைக்கவில்லை. படுத்தே கிடந்தேன்.

நேற்று எழுதியதை வாசித்தேன். ஒன்பதாம் பக்கம். குறுக்குச்சாலையில் லாரியை ஓரங்கட்டிவிட்டுத் தங்கராசு பரோட்டா சாப்பிடுகிறான். சால்னாவில் ஊறாத ஓரத்தை முதலில், ஊறின நடுவை அப்புறம். எனக்கு எச்சில் ஊறியது. முதலில் வெட்கம். பிறகு சும்மா இருந்தேன்.

மத்தியானம் தட்டை நானே கழுவி வைத்தேன். அம்மா: "சாப்பிட்டியா?" நான்: "ஆச்சு." பாதிப் பொய். எந்தப் பாதி என்று கேட்க அம்மாவுக்கும் தெம்பில்லை.

டிச. 9, செவ்வாய்

மேடம். மின்விசிறி சத்தம். முதலில் எடை பார்த்தார்கள், முதுகைத் திருப்பி நிற்க வைத்து. நம்பர் எனக்குச் சொல்வதில்லை. எழுதுவதும் இல்லை, அது ஒப்பந்தம். ஆனால் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறதே. இனியும் இறங்கினால் திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் அட்மிஷன் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம்.

பிறகு கதை நோட்டு. பத்து முதல் பதின்மூன்று வரை நிதானமாக வாசித்தார்.

"தங்கராசு நாலு பக்கமாச் சாப்பிடலையே. கவனிச்சீங்களா?"

கவனிக்கவில்லை. சத்தியமாக. வாங்கிப் புரட்டினேன். பத்தில் லோடு அவசரம். பதினொன்றில் டயர் பஞ்சர். பன்னிரண்டில் ஓட்டல் அடைத்திருந்தது. பதின்மூன்றில் அவன் மாலை போட்டிருக்கிறான்.

"அவருக்கு யாரு போட்டுவிட்டா?"

"நாந்தான் மேடம்."

மேடம் சிரிக்கவில்லை. "கழட்டச் சொல்லல. ஏன் போட்டாருன்னு மட்டும் எழுதிட்டு வாங்க."

திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் அலுப்பு. ஊரில் ஒருத்தன் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான், அவனையும் கெடுத்துவிட்டேன்.

டிச. 11, வியாழன்

கடையில் மூன்று படி ஏற மூச்சு வாங்கியது. முதலாளி அண்ணாச்சி பார்த்துவிட்டு, பில் மட்டும் போடுலே என்றார். நல்ல மனுஷன்.

தங்கராசு ஏன் மாலை போட்டான்?
பக்திக்கா. இல்லை.
மழைக்கா. இல்லை.
தட்டைத் தள்ளிவைத்தால் ஏன் என்று கேட்க ஆள் இருக்கக் கூடாது என்பதற்கு.

காலையில் இந்த வரிகளை நோட்டில் எழுதி மேஜையில் மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறேன். வந்து பார்த்தால் நோட்டு அடுக்களையில், அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில். அம்மா எட்டாவது வரை படித்தவள். ரேஷன் கார்டைத் தவிர எதையும் அவள் வாசித்து நான் பார்த்ததில்லை. கோபம் வந்தது. கேட்கவில்லை.

டிச. 12, வெள்ளி

காலையில் அம்மா முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள், போன வருஷத்து உளுந்து. தலை நிமிரவில்லை.

"ஏலே, அந்த லாரிக்காரன் மாலையக் கழட்டிட்டானா?"

"இன்னும் இல்ல."

"பசிக்காதா அவனுக்கு?"

"பசிக்கும்."

"பெறவு?"

"பயம்."

"சோத்தப் பாத்தா?"

தலையாட்டினேன். அவள் பார்க்கவில்லை, ஆனால் தெரிந்துகொண்டாள்.

"அவன் அம்மைய எங்க? கதையில ஆளையே காணோம்."

"இல்ல. எழுதல."

"சேத்து எழுதேன். அவ பாட்டுக்கு ஒரு ஓரத்துல இருந்துக்கிடுவா."

கடைக்கு அரைமணி தாமதம்.

டிச. 13, சனி

பதினாலாம் பக்கம். தங்கராசுவின் அம்மா வந்துவிட்டாள். ஏன் சாப்பிடவில்லை என்று கேட்கவில்லை. உலை வைத்தாள்.

என் அம்மா: "என்ன வச்சுக் குடுத்தா?"

"உளுந்தஞ்சோறு."

"தொட்டுக்கிட எள்ளுத் தொவையல் உண்டுமா? இல்ல, அவனுக்குப் பிடிக்காதா?"

"பிடிக்கும்னுதான் எழுதிருக்கேன்."

"நாளைக்கு எள்ளு வறுக்கணும்," என்று அடுப்பைப் பார்த்துச் சொன்னாள்.

டிச. 14, ஞாயிறு

வறுத்த எள், பூண்டு, கறுப்பு உளுந்து வேகும் வாசனை. வீட்டை விட்டு ஓடிவிடலாம் போலவும் இருந்தது, அடுப்பங்கரையிலேயே உட்காரலாம் போலவும் இருந்தது.

சாப்பிட்டேன். முதல் சில வாய் ருசி. பிறகு பயம். பயத்தோடு இன்னும் கொஞ்சம். சாப்பிட்ட கையோடு நடக்கப் போகக் கூடாது, அதுவும் ஒப்பந்தம். உட்கார்ந்தேன். கால் தானாக ஆடிக்கொண்டே இருந்தது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பூண்டுத்தோலைப் பொறுக்கினாள். பொறுக்க அங்கே ஒன்றுமே கிடக்கவில்லை.

பச்சை வேட்டி கொடியில் தொங்குகிறது. நாளை மறுநாள் மார்கழி. போட்டால் திருநெல்வேலி. போடாவிட்டால் அப்பாவிடம் சொல்லியாக வேண்டும்.

டிச. 15, திங்கள்

லீவு சொல்லிவிட்டு உளுந்துக் காட்டுக்குப் போனேன். அப்பா வரப்பில் நின்று உளுந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்ப்பதைத் தவிர இப்போது அங்கே வேலையில்லை.

"அப்பா, நாளைக்கு மாலை போடல."

"ஏன், பங்காளி வீட்ல தீட்டு எதுவுமா?"

"அதெல்லாம் இல்ல. நான் இருந்தது விரதமே இல்லப்பா. சாப்பிடாம இருக்கதுக்கு ஒரு சாக்கு."

இதைச் சொல்ல ஆறு வருஷம் ஆகியிருக்கிறது. சொல்லி முடிக்க ஆன நேரம் ஒரு மூச்சு.

அப்பா ஒரு பிஞ்சைப் பறித்து உரித்தார். உள்ளே பருப்பு சுருங்கிக் கிடந்தது. கையிலேயே வைத்துக்கொண்டார்.

"எல்லா வருஷமுமா?"

"எல்லா வருஷமும்."

வீட்டுக்கு நடந்துவிட்டார். நான் பின்னால். சாயங்காலம் அப்பா டீக்கடைக்குப் போகவில்லை. இனி மழை பெய்யாவிட்டால் அது என் தலையில்தான் விடியும். அவர் மனசு விட்டுப்போனதைப் பார்க்க முடியவில்லை. களைப்பாக இருக்கிறது. வேறொன்றும் எழுத வரவில்லை.

டிச. 16, செவ்வாய். மார்கழி 1

பனி. மேகம் இல்லை.

எழுந்து பார்த்தால் கொடியில் வேட்டி இல்லை. அம்மா தூக்கிப் போட்டுவிட்டாள் என்று நினைத்தேன். முற்றத்தில் அப்பா நிற்கிறார், கோயிலுக்குப் போய் வந்த ஈரத்தலையோடு. பச்சை வேட்டி. எனக்கு எடுத்த சட்டை அவருக்கு இறுக்கம், மேல் பட்டனைத் திறந்து விட்டிருந்தார். கழுத்தில் மாலை. பீடி இல்லாமல், மூன்று வேளைச் சோறு இல்லாமல் ஒருநாள் இருந்ததில்லை அவர். அம்மாவிடம் மெதுவாகக் கேட்கிறார்:

"காப்பி குடிக்கலாம்லா?"

"குடிக்கலாம் சாமி," என்றாள் அம்மா. சிரிப்பை அடக்கிக்கொண்டுதான்.

தட்டு எனக்கு மட்டும் போட்டிருந்தது. இட்லி, மிச்சம் இருந்த எள்ளுத் துவையல். அப்பா எதிரே உட்கார்ந்தார். என் தட்டைப் பார்க்கவில்லை. வாசல் பக்கம் வானத்தைப் பார்த்தபடி சொன்னார்:

"மழைய நான் பாத்துக்கிடுதேன். நீ சோத்தப் பாரு."

"சரி சாமி," என்றேன்.

சாப்பிட்டேன். முழுசாக இல்லை.

மேடத்துக்குப் பத்தரை மணி. பதினைந்தாம் பக்கம் இன்னும் எழுதவில்லை. பஸ்ஸில் எழுதிக்கொள்ளலாம்.