நூற்றிருபது வோல்ட் கெட்டில்

அன்பு பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது, அங்கே நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும் என்பதுதான் விடிந்ததும் என் முதல் நினைப்பு. போன் இருக்கும்போது அம்மாவுக்கு ஏன் இந்தக் காகித வேலை என்று நினைப்பாய். போனில் ஆரம்பித்தால் "சாப்டியாம்மா, மாத்திரை போட்டியாம்மா" என்று நீ பேச்சைத் திருப்பிவிடுவாய், நானும் ஆட்டுக்குட்டி மாதிரி உன் பின்னாலேயே வந்துவிடுவேன். கடிதத்தில் குறுக்கே பேச ஆள் இல்லை.

கீழ் வீட்டுக்காரர்கள் காலி செய்துகொண்டு போய்விட்டார்கள், இனி இந்தக் கட்டிடத்துப் படியில் காலடிச் சத்தம் கேட்டால் அது என்னுடையதுதான். கம்பெனியில் இன்னும் அதே டெஸ்டிங் மேஜை. இஸ்திரிப் பெட்டிக்குள் சூடேறுகிற கம்பிச் சுருள், காயில் என்போம், ஒவ்வொன்றாக வரும், கரண்ட் கொடுத்து வோல்ட்டையும் ஆம்பியரையும் மீட்டரில் பார்க்க வேண்டும், வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் தடை, இரண்டையும் பெருக்கினால் வாட்ஸ், தகட்டில் போட்டிருப்பதோடு ஒத்துப்போனால் ஓகே சீல், இல்லாவிட்டால் குப்பைக் கூடை. வாய்க்கு வேலையே இல்லாத வேலை. உன் அப்பா போன பிறகு வீட்டிலும் அப்படித்தான், சில நாள் கடைக்காரரிடம் உப்பு கேட்கும்போதுதான் என் குரலையே நான் கேட்கிறேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆறு வருஷமாகியும் எனக்குத் தனியாக இருப்பது பழகவில்லை பாப்பா.

இப்போது ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன், திட்டாமல் படி. போன மாதம் அங்கிருந்து வந்த உன் சிநேகிதி ஒரு ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து கொடுத்தாளே, நீ அனுப்பிய பை, அதில் இரண்டு கம்பளியும் அந்தக் கெட்டிலும் இருந்தன. வீடியோவில் உன் முதுகுக்குப் பின்னால் ஆவி விட்டுக்கொண்டு நிற்குமே, கைப்பிடியில் சுட்ட தழும்போடு, அதேதான். உன் சமையலறையே என் வீட்டுக்கு வந்துவிட்ட மாதிரி எனக்குத் தலைகால் புரியவில்லை. பிளக் தட்டையாக இருந்தது, நம் பாயின்ட்டில் ஏறவில்லை. வேறு யாராக இருந்தாலும் அங்கேயே யோசித்திருப்பார்கள். நான்தான் பெரிய கைவேலைக்காரி ஆயிற்றே, கட்டரை எடுத்து அதை வெட்டிப் போட்டுவிட்டு நம் மூன்று பின் பிளக்கை மாட்டி, ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி ஸ்விட்சைப் போட்டேன். டம்ளரை எடுத்துத் திரும்புவதற்குள் தண்ணீர் தளதளவென்று பொங்கி மூடியைத் தள்ளியது, டப்பென்று ஒரு சத்தம், தீய்ந்த வாடை, ஃபியூஸும் போயிற்று. மறுநாள் கம்பெனிக்கு எடுத்துப்போய்க் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் எறும்பு எழுத்தில் 120 வோல்ட், 1200 வாட்ஸ். உனக்கா கணக்குச் சொல்ல வேண்டும்? பத்து ஆம்பியர், பன்னிரண்டு ஓம். அதே பன்னிரண்டு ஓமை நம் 240-ல் சொருகினால் இருபது ஆம்பியர், நாலாயிரத்து எண்ணூறு வாட்ஸ், நாலு மடங்கு. பாவம், எவ்வளவு நேரம் தாங்கும். "ஊருக்கெல்லாம் தகட்டைப் பாத்து சீல் குத்துறியே, உன் வீட்டுத் தகட்ட யாருடி பாக்கறது" என்று பக்கத்து மேஜைக்காரி கேட்டதில் மொத்த லைனும் சிரித்தது, இப்போது அங்கே எனக்குப் பெயரே கெட்டில்தான்.

அதற்கடுத்த தடவை நீ போனில் "பை வந்துதாம்மா" என்று கேட்டாய். உன் பொருளை ஒரே நிமிஷத்தில் எரித்துவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை, தினமும் அதில்தான் வெந்நீர் போட்டுக் குடிக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். நீ "நல்லதும்மா" என்றாய். தப்பித்தோம் என்று நானும் போனை வைத்தேன். போன வாரம் ஒரு காயிலின் கணக்கு ஒத்துவராமல் அதை ஒதுக்கி வைக்கும்போதுதான் அந்த "நல்லதும்மா" மனதில் வந்து இடித்தது. நீ படித்ததே இந்தக் கரண்ட் படிப்பு, ஒரு பல்பு வாங்கினால்கூட எழுத்தைப் படித்துவிட்டுத்தான் காசு கொடுப்பாய். அந்த ஊர்க் கெட்டிலை அம்மா நம் கரண்டில் போடுகிறாள் என்று காதில் விழுந்திருந்தால் போனிலேயே அலறியிருப்பாய். நீ அலறவில்லை, நான் சொன்னது உனக்கு ஏறவே இல்லை. அது போகட்டும், தினமும் புழங்குகிற பொருளை, இங்கே உதவாது என்று தெரிந்த பொருளை, குளிர் ஊரில் இருந்துகொண்டு போர்த்துகிற கம்பளியையும் சேர்த்து யார் அனுப்புவார்கள்? வீட்டை ஒழித்துக் காலி செய்கிறவர்கள்தான் அனுப்புவார்கள். இரண்டு மாதமாக வீடியோவில் போனை முகத்தோடு ஒட்டிப் பிடிக்கிறாய், பின்னால் சுவர்கூடத் தெரிவதில்லை. மாப்பிள்ளை எங்கே என்றால் ஞாயிற்றுக்கிழமையும் வேலை என்கிறாய்.

கெட்டில் நன்றாக இருக்கிறது என்று நான் சொன்ன அதே குரலில்தான் நீ "நல்லா இருக்கேம்மா" என்கிறாய், அந்தக் குரல் எனக்குத் தெரியாதா, என்னிடமிருந்து உனக்கு வந்ததுதானே. நீயும் மாப்பிள்ளையும் பிரிந்திருந்தால் யார் மேல் தப்பு என்று நான் கேட்கப் போவதில்லை, கிளம்பி இங்கே வந்துவிடு. சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்களோ என்று பயப்படாதே, அவர்களுக்குப் பதில் சொல்ல என் வாய் இன்னும் துருப்பிடிக்கவில்லை. எனக்குத் துணை வேண்டும் என்றுதான் உன்னைக் கூப்பிடுகிறேனோ என்று நாலு நாளாக என்னையே கேட்டுக்கொண்டேன். கொஞ்சம் அதுவும்தான், மறைக்கவில்லை. ஆனால் நீ அங்கேயே நிஜமாக நன்றாக இருக்கிறாய் என்று தெரிந்தால் நான் இப்படியே இருந்துவிடுவேன், அதற்கு எனக்குத் தெம்பு இருக்கிறது. தெரியாமல் இருப்பதற்குத்தான் இல்லை.

நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் காது மூடாமல் வெளியே போகாதே. எங்கே இருந்தாலும் ஒரு குறையும் உன்னை அண்டாது, அம்மா ஆசி உன்னோடு இருக்கிறது. பதில் எழுதக் கை வராவிட்டால் எழுத வேண்டாம், வாயால் சொல்லவும் வேண்டாம். இந்த ஞாயிறு போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடி. நீ எந்த வீட்டில் இருக்கிறாய் என்று நானே பார்த்துக்கொள்கிறேன்.

உன் நினைப்பாகவே இருக்கும்,
அம்மா