மார்த்தா குறைத்த அரை மார்க்

என் அன்புக்கும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய கௌரி மச்சாளுக்கு,

முதலில் நல்ல செய்தி. மருதானைப் பழைய புத்தகக் கடைக்காரர் போன கிழமை என்னைக் கண்டதும் தூரத்திலேயே கையைக் காட்டினார். "நோனா, ஜேசு பொத் ஆவா!" இயேசு புத்தகங்கள் வந்திருக்கின்றனவாம். நீங்கள் இருந்திருந்தால் அந்தப் பெட்டியை நடைபாதையிலேயே கவிழ்த்திருப்பீர்கள். நான் மரியாதையாக ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். பதினொன்று வாங்கினேன். நான்கின் அட்டையில் குதிரை நிற்கிறது. மூன்றில் வெளிச்சவீடு. மற்றதிலெல்லாம் பெண் ஒருத்தி பயந்து திரும்பிப் பார்த்தபடி ஓடுகிறாள். குதிரை உங்களுக்கு, ஓடுகிறவள் எனக்கு என்றுதானே நாம் பிரிப்போம்?

"லொக்கு நோனா கோ?" என்று கேட்டார். பெரிய அம்மணி எங்கே என்று. "நெத்தி உனா" என்றேன். இறந்துபோனா என்பதைச் சிங்களத்தில் சொல்வது எனக்கு ஏனோ சுலபமாக இருந்தது. அவர் புத்தகங்களைக் கட்டும்போது இன்னொரு குதிரையை மேலே வைத்து, "ஏ நோனாட்ட" என்றார். அந்த நோனாவுக்காம்.

இந்தக் கடிதம் எங்கள் கொட்டாஞ்சேனைத் தேவாலயப் பங்கின் மாத மடலில், நம்முடைய மதிப்புரை வந்துகொண்டிருந்த அதே பக்கத்தில் வரப்போகிறது. ஆகவே உங்களுக்குத் தெரிந்ததையே சில இடங்களில் திரும்பச் சொல்லுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள். கொட்டாஞ்சேனை முழுக்கப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறது.

ஏழு வருடமாகக் கிறிஸ்தவக் காதல் நாவல்களுக்கும் மர்ம நாவல்களுக்கும் ஈவு இரக்கமில்லாமல் ஐந்துக்கு இத்தனை என்று மார்க் போட்ட "மார்த்தா" யார் என்று அவர்கள் கேட்கிறார்கள். மார்த்தா என்பவர் வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையில் இருந்தவர். வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போனவர். நெற்றியில் திருநீறு இல்லாமல் வாசலைத் தாண்டாதவர். என் கணவர் குமாரின் அக்கா, சிவகௌரி.

சொல்லிவிட்டேன்.

தொடங்கியது எப்படி என்று ஞாபகம் இருக்கிறதா? பங்கு மண்டபத்தில் இருக்கிற புத்தக அலுமாரியைப் பார்த்துக்கொள்ளும்படி ஃபாதர் என்னிடம் சொல்லியிருந்தார். எல்லாம் வெளிநாட்டிலிருந்து யாரோ அனுப்பிய ஆங்கில நாவல்கள். எதை எடுப்பது என்று ஆட்களுக்குத் தெரியவில்லை, ஒவ்வொன்றைப் பற்றியும் தமிழில் நாலு வரி எழுதித் தாருங்கள் என்றார். நான் எழுதினேன். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு வந்த நீங்கள் அந்தத் தாளை எடுத்துப் பார்த்தீர்கள்.

"என்ன ஸ்டெல்லா, அஞ்சு புத்தகத்துக்கும் 'ஆசீர்வாதமான நூல், குடும்பமாக வாசிக்கலாம்' எண்டு ஒரே பாட்டையே பாடியிருக்கிறீர்?"

"நல்ல புத்தகங்கள்தானே மச்சாள்."

"எது நல்லது? இதில அந்த மனிசி லெமனேட்டுக்க மருந்தைக் கலக்கிக் குடுக்கிறாள், அவன் ரெண்டு நிமிசத்தில விழுறான். அந்த மருந்துக்குக் குறைஞ்சது அரை நாள் வேணும். முப்பது வருசம் மருந்து குடுத்த எனக்கே கதை விடுறாங்களோ?"

பொரளையில் ஓர் ஆஸ்பத்திரியின் மருந்து கொடுக்கும் பகுதியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர் நீங்கள். அன்றைக்கு மீன் குழம்பு ஆறிப்போக, என் தாளின் பின்பக்கத்திலேயே உங்கள் மதிப்புரையை எழுதினீர்கள். நான் விளையாட்டாக இரண்டு பக்கத்தையும் ஃபாதருக்குக் கொடுத்தேன். அவர் உங்கள் பக்கத்தை மட்டும்தான் மடலில் போடுவேன் என்று நின்றார். எனக்குக் கோபம் வந்ததுதான். ஆனால் என்ன செய்ய, உங்களுடையது நன்றாக இருந்தது.

பெயர் நீங்களே சொன்னது. "மார்த்தா எண்டு போடும். தங்கச்சி இயேசுவின்ர காலடியில இருந்து கதை கேக்க, இவள்தானே அடுப்படியில நிண்டு வேலை செய்தவள்? எனக்கு அவளைத்தான் பிடிச்சது." அதோடு ஒரு கட்டளையும் போட்டீர்கள். "நான் இருக்கும் வரைக்கும் வாயைத் திறக்கப்படாது. சைவக்காரி மார்க் போடுறாள் எண்டு தெரிஞ்சால் உங்கட ஆக்கள் புத்தகத்தைத் தொடமாட்டினம். பிறகு உம்மட விருப்பம்."

கலியாணம் கட்டாத நீங்கள் ஏன் கலியாணத்தில் முடிகிற கதைகளையே தேடித் தேடி வாசித்தீர்கள்? அதை நான் ஒருநாளும் கேட்கவில்லை. நீங்களாகச் சொன்னது இவ்வளவுதான்: "கண்ட கண்ட கூத்தெல்லாம் இல்லாமல் ஒரு காதல், நடுவில ஒரு கொலை, கடைசியில ஒரு கும்பிடு. வேற என்ன வேணும்?"

மார்த்தாவின் வரிகள் சில இன்னும் பங்கில் ஆட்களின் வாயில் இருக்கின்றன. "முதல் முத்தம் 212ஆம் பக்கத்தில், அதுவும் நெற்றியில். அவசரக்காரர் வேறு புத்தகம் எடுக்கவும்." "கதையில் சபைப் பொருளாளர் ஒருவர் வந்து சிரித்துப் பேசினால் கொலைகாரனை மேற்கொண்டு தேட வேண்டாம்." இதற்குப் பிறகு எங்கள் பங்குப் பொருளாளர் யாரைப் பார்த்தும் சிரிப்பதில்லை.

எல்லாவற்றையும் விடப் பேர்போனது அந்த அரை மார்க். இந்தக் கதைகளில் கதாநாயகனுக்கு முதலில் விசுவாசம் இருக்காது. அவள் அவனுக்காகச் செபிப்பாள். கலியாணத்துக்கு இரண்டு அத்தியாயம் இருக்கும்போது அவன் மனந்திரும்பிவிடுவான். அப்படி வந்தால் நீங்கள் உடனே எழுதுவீர்கள்: "கலியாணத்துக்காக மனந்திரும்பியவர். அரை மார்க் குறைக்கப்படுகிறது." ஏன் மச்சாள் இவ்வளவு கறார் என்று கேட்டால், "அவன் கடவுளைத் தேடினவனோ, பெட்டையைத் தேடினவனோ எண்டு எனக்குத் தெரியவேணும்" என்பீர்கள்.

நான் சிரிப்பேன். ஆனால் ஒவ்வொரு முறையும் எனக்குள்ளே ஏதோ சுருக்கென்று இருக்கும். ஏனென்றால் அப்படி மனந்திரும்பிய ஒருவர் என் வீட்டு மேசையிலேயே இருந்து சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எங்கள் கலியாணத்துக்கு மூன்று கிழமைக்கு முன்னர்தான் குமார் ஞானஸ்நானம் பெற்று யோசப் ஆனார். அவர் வீட்டிலிருந்து கோயிலுக்கு வந்தது நீங்கள் ஒருவர்தான். பூசை முழுக்கக் கதவடியிலேயே நின்றீர்கள்.

ஒருநாள் கேட்டேவிட்டேன். "அப்ப உங்கட தம்பிக்கு எத்தினை மார்க் மச்சாள்?"

நீங்கள் எழுதிக்கொண்டிருந்த தாளிலிருந்து நிமிரவில்லை. "நாலரை" என்றீர்கள்.

குமார் புரைக்கேறும்வரை சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் அந்த அரை மார்க்கை நீங்கள் குறைத்தது அவருக்கா, அவரை உங்களிடமிருந்து கூட்டிக்கொண்டு போன எனக்கா? அதைத்தான் கேட்க வேண்டும் கேட்க வேண்டும் என்று இருந்தேன். நீங்கள் போய்விட்டீர்கள்.

உண்மையைச் சொன்னால் அந்த மார்க்கில் பிழை சொல்லவும் முடியாது. இருபத்தாறு வருடமாகக் குமார் கோயிலில் கடைசி வாங்குப் பலகையில், மின்விசிறிக்குக் கீழே இருப்பார். பிரசங்கம் தொடங்கினால் வாகனத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வெளியே போவார். எல்லோரும் முழந்தாளிட்டால் அவருக்கு முழங்கால் வருத்தம் வந்துவிடும். எனக்காகத்தான் வந்தார். எனக்கும் அது தெரியும்.

மாசியில் பொரளைக் கனத்தை மயானத்தில் உங்களுக்குக் கொள்ளி வைத்ததும் அவர்தான். வீட்டுக்கு வந்து தலை முழுகிவிட்டு, நீங்கள் வழக்கமாக இருக்கிற கதிரையில் இருந்தார். அதற்குப் பிறகு அந்தக் கதிரையில் வேறு யாரையும் இருக்கவிடவில்லை.

அடுத்து நான் செய்த வேலையைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வீர்கள். மடலில் மார்த்தாவைக் காணவில்லையே என்று திரேசா அன்ரி என்னைப் பிடித்துக்கொண்டார். உங்களுக்கு ஆளைத் தெரியும். ஒவ்வொரு மதிப்புரைக்கும் "மார்த்தா சகோதரிக்குச் செபம் போதாது" என்று மறுப்பு எழுதி அனுப்புகிறவர். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கு வாய் வரவில்லை. "அவவுக்குக் கொஞ்சம் சுகமில்லை அன்ரி" என்று சொல்லிவிட்டேன். அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை தவறாமல் அந்தோனியாருக்கு மெழுகுதிரி, செபக் கூட்டத்தில் விசேட வேண்டுதல், ஒன்பது கிழமை நவநாள். ஒன்பது மாதமாக, தகனமே முடிந்துவிட்ட உங்களுக்குப் பூரண சுகம் கேட்டு அந்த மனிசி மன்றாடிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கிழமையும் சொல்லிவிடுவோம் என்று போவேன், சொல்லாமல் திரும்பி வருவேன்.

பிறகு நவம்பர் வந்தது. அந்த மாதம் நாங்கள் எங்கள் வீட்டில் இறந்தவர்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதிக் கொடுப்போம், பூசையில் ஃபாதர் வாசிப்பார். நான் அப்பாவின் பெயரை எழுதினேன், அம்மாவின் பெயரை எழுதினேன், பேனையை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தேன். குமார் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"மார்த்தா எண்டு எழுதப் போறீரோ?"

"வேற எப்பிடி எழுதுறது? ஆக்கள் கேப்பினம்."

"மார்த்தா எண்டு ஒருத்தரும் சாகேல்ல. செத்தது என்ர அக்கா." பேனையை வாங்கி, தன் பள்ளிக்கூடக் கையெழுத்தில் அவரே எழுதினார். சிவகௌரி.

அதோடு விடவில்லை. தாளை எடுத்துக்கொண்டு தனியாக ஃபாதரிடம் போனார். நான் இல்லாமல் அவர் கோயில் வளவுக்குள் கால் வைத்தது அதுதான் முதல் முறை. நடந்ததை ஃபாதர்தான் பிறகு எனக்குச் சொன்னார்.

"இது என்ர அக்கா, ஃபாதர். சைவம். வாசிக்க ஏலுமோ?"

"செத்தவையிட்ட நாங்கள் ஞானஸ்நானப் பத்திரம் கேக்கிறேல்ல, குமார்."

"உங்கட மார்த்தாவும் அவதான்."

ஃபாதர் தாளை வாங்கி அந்தப் பெயரை இன்னொருமுறை வாசித்தாராம். பிறகு, "அதுதானே பாத்தன். எங்கட ஆக்கள் ஆரும் இவ்வளவு கவனமா வாசிக்கிறேல்ல" என்றாராம்.

அந்த ஞாயிறு பெயர்கள் வாசிக்கப்பட்டன. அந்தோனிப்பிள்ளை, மேரி ஜோசப்பின், செபஸ்தியான், சிவகௌரி. ஃபாதர் கொஞ்சமும் தயங்கவில்லை. இரண்டு மூன்று தலைகள் திரும்பின. நான் குமாரைப் பார்த்தேன். அவர் முழந்தாளில் இருந்தார். மின்விசிறிக்குக் கீழே, இரண்டு கையாலும் முன் வாங்கைப் பிடித்துக்கொண்டு. பாட்டுத் தொடங்கி எல்லோரும் எழும்பின பிறகும் அவர் எழும்பவில்லை. நான் அழுதேன் மச்சாள். துக்கத்தில் இல்லை, அல்லது துக்கத்தில் மட்டும் இல்லை.

பூசை முடிந்ததும் திரேசா அன்ரியை ஓரமாகக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"அப்ப ஒன்பது மாசமா நான் ஆருக்கு மெழுகுதிரி கொளுத்தினனான்?"

"அவவுக்குத்தான் அன்ரி."

கைப்பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "சைவக்காரியோ?"

"ஓம்."

"அவவுக்கு ஆர் இவ்வளவு வேதம் சொல்லிக் குடுத்தது?"

"தானே வாசிச்சவ. முழு வேதாகமமும் ரெண்டு தரம்."

"நான் ஒருக்காத்தான்," என்றார். "அதுவும் லேவியர் புத்தகத்தை விட்டிட்டு." கொஞ்சத் தூரம் நடந்துவிட்டுத் திரும்பி வந்தார். "நான் மறுப்பு எழுதின அந்த வெளிச்சவீட்டுக் கதைக்கு அவ போட்ட மூண்டு மார்க் சரிதான் பிள்ளை. எனக்கு அப்பவே தெரியும். ஒத்துக்கொள்ள மனம் வரேல்ல." இதை அவருக்கு வாசித்துக் காட்டிவிட்டுத்தான் மடலுக்குக் கொடுக்கிறேன். லேவியரை எடுத்துவிடச் சொன்னார். நான் எடுக்கவில்லை. நீங்கள் என்றால் எடுத்திருப்பீர்களா?

கடைக்காரர் உங்களுக்குத் தந்த குதிரைப் புத்தகத்தை இப்போது வாசிக்கிறேன். 140ஆம் பக்கம் வந்துவிட்டது, இன்னும் ஒரு முத்தமும் இல்லை. பொருளாளர் ஒருவர் மட்டும் வந்து சிரித்துவிட்டுப் போயிருக்கிறார்.

இனி "ஆசீர்வாதமான நூல்" என்று எழுதமாட்டேன், இது சத்தியம். விஷம் வந்தால் எத்தனை மணித்தியாலம் எடுக்கும் என்று விசாரித்துவிட்டுத்தான் மார்க் போடுவேன். கலியாணத்துக்காக மனந்திரும்புகிறவர்களுக்கு உங்கள் சட்டப்படியே அரை மார்க் குறைப்பேன், ஒரே ஒருவரைத் தவிர. அவர் இந்த ஞாயிறும் எனக்கு முன்னரே வெளிக்கிட்டு வாசலில் நின்று, நேரமாகிறது என்று என்னைக் கூப்பிட்டார். பிரசங்கம் முடியும்வரை வாகனத்தைப் பார்க்கப் போகவில்லை. உங்களைக் கேட்காமலே நான் அவருக்கு ஐந்து போட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி தேடிவந்த பெட்டை,
உங்கள் மச்சாள்
ஸ்டெல்லா