புளியமரத்தில் நான் போட்ட சத்தம்

மச்சான்,

எழுத்து கோணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள். கோடு போட்ட நோட்டு என்றால் வரி நேராகப் போகும். இது வெறும் வெள்ளைத்தாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து, சோற்றுத்தட்டைக் கவிழ்த்து மடியில் வைத்து எழுதுகிறேன். நீ போன பிறகுதான், அறுபத்தேழு வயதில், மாலை வகுப்பில் சேர்ந்தேன். உன் தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். இப்போது பஸ்ஸில் எழுதியிருக்கும் ஊர்ப்பெயரை அவளுக்கு நான்தான் படித்துச் சொல்கிறேன்.

இன்று காலை நர்ஸம்மா ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டாள். மேலே பெரிதாக ‘குடலிறக்கம்’ என்று இருந்தது. ஏழு எழுத்து. ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்து முடித்ததும் உன் முகம் வந்து நின்றது.

“தாத்தா, சீக்கிரம் போடுங்க. டாக்டரம்மா கேக்குறாங்க.”

“இரும்மா, நாலாவது வரியில கீறேன்.”

“நான் படிச்சுச் சொல்லட்டுமா?”

“வேணாம்மா. இதுக்குத்தான் கஷ்டப்பட்டுக் கத்துக்கினேன்.”

அவள் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டாள். கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுத்தான் பெயரை எழுதினேன். நாளைக் காலை எனக்கு ஆபரேஷன். உனக்கு வந்த அதே நோவு. உனக்கு வலது பக்கம், எனக்கு இடது.

அந்த மாசி மாதத்தை நினைத்துப் பார்க்கிறேன். புளி உலுக்க நாம் இருவரும் ஏறுவோம். உச்சிக் கிளை எப்போதும் உனக்குத்தான். உன் தொடை இடுக்குக்கு மேலே ஒரு வீக்கம் இருந்தது எனக்கு மட்டும்தான் தெரியும். நின்றால் எலுமிச்சை அளவுக்குப் புடைக்கும், படுத்தால் காணாமல் போகும். தினமும் பாறை மறைவில் படுத்து, உள்ளங்கையால் அதை உள்ளே தள்ளி, பழந்துணியைச் சுருட்டி மேலே வைத்துக் கோவணத்தை இறுக்குவாய். “கட்டி வச்சா தானா ஆறிடும்டா” என்பாய். நானும் நம்பினேன். வெளியே தெரிந்தால் மரம் ஏற விடமாட்டார்கள், பெண்களோடு கீழே பழம் பொறுக்கச் சொல்வார்கள் என்பதுதான் உன் பயம். “வாயத் தொறந்தே, தங்கச்சி புருசன்னுகூட பாக்க மாட்டேன்” என்று மிரட்டிச் சத்தியம் வாங்கினாய்.

ஒருநாள் உச்சி வெயிலில் நீ உலுக்கும் சத்தம் நின்றுபோனது. அண்ணாந்து பார்த்தேன். கிளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாய். மேலே ஏறிவந்து உன் துணியைத் தளர்த்திப் பார்த்தால், வீக்கம் கல்லாகக் கெட்டிப்பட்டிருந்தது. தொட்டதும் துடித்தாய். படுத்தால்தானே உள்ளே போகும், கிளையில் எங்கே படுப்பது?

“சொல்லாதடா. கொஞ்ச நேரத்துல போய்டும்” என்று பல்லைக் கடித்தாய்.

கீழே இருபது பேர் இருந்தார்கள். நான் கத்தினேன். “மச்சானுக்குக் குடல் எறங்கி மாட்டிக்கிச்சு! கயிறு கொண்டாங்க! ஜீப்பக் கூப்புடுங்க!”

கேலி என்று நினைத்து இரண்டு பேர் சிரித்தார்கள். உன் தங்கை சிரிக்கவில்லை, கயிற்றுக்கு ஓடினாள். உன் அக்குளில் கயிறு கொடுத்து இறக்கினோம். ஜீப் மலையிறங்கி ஒடுகத்தூர் வரும்வரை ஒவ்வொரு வளைவிலும் வலியைத் திட்டாமல் என்னைத் திட்டினாய். பெரிய ஆஸ்பத்திரியில் உனக்காகக் கைநாட்டு வைத்தது நான். அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

உன்னைத் தைத்துவிட்டு வெளியே வந்த டாக்டர் என்னிடம் சொன்னார்: “மாட்டின குடலுக்கு ரத்தம் போகல. இன்னும் தாமதிச்சிருந்தா அழுகிப்போயிருக்கும். சாக்கு நைஞ்ச இடத்துல சாமை பிதுங்குதில்ல? உள்ள தள்ளினா நிக்குமா? தைக்கணும். வயித்துச் சுவரும் அப்படித்தான்.” எத்தனை சாக்கு தைத்த கை நம் கை! அது நமக்குத் தோன்றவில்லையே.

ஒரு மாதம் நீ என்னோடு பேசவில்லை. பிறகு ஒருநாள் வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்றாய்.

“ஊரே கேக்கக் கத்துனியே, அந்த சத்தம் இன்னும் காதுலயே கீதுடா.”

நான் தண்ணீர்ச் செம்பை நீட்டினேன்.

“இன்னொரு தபா இப்டி ஆச்சுன்னா, இன்னும் ஜோரா கத்து” என்று சொல்லிவிட்டுச் சோறு கேட்டாய்.

அதற்குப் பிறகு பன்னிரண்டு மாசி நீ உச்சிக் கிளை ஏறினாய். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் நெஞ்சுவலியில்தான் போனாய்.

இதெல்லாம் தெரிந்த நான் என்ன செய்தேன் தெரியுமா? எனக்கு வீக்கம் வந்ததும் கட்டிலில் படுத்து, உன்னைப் போலவே உள்ளே தள்ளி, துணி சுருட்டி வைத்தேன். உனக்காகக் கத்த ஒரு நொடி ஆனது. எனக்காக வாயைத் திறக்க மூன்று வாரம் ஆனது.

அதுவும் தானாகத் திறந்தது. இருமல் மருந்துக்காக உன் தங்கையோடு சுகாதார நிலையம் போயிருந்தேன். எனக்கு வாய்விட்டுத்தான் படிக்க வரும். சுவரில் ஒட்டியிருந்ததை உரக்கப் படித்தேன்: “நின்றால் தெரிந்து, படுத்தால் மறையும் வீக்கமா? மறைக்காதீர்கள்.” கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

“யாருக்கு தாத்தா?” என்று நர்ஸ் கேட்டாள்.

சும்மா படித்தேன் என்று சொல்லியிருக்கலாம். நீ வாசலில் நின்று சொன்னது ஞாபகம் வந்துவிட்டது. “எனக்குத்தாம்மா! இடது பக்கம்! மூணு வாரமா!” என்று கத்திவிட்டேன்.

“யோவ், இன்னாய்யா சொல்ற? எங்க அண்ணன் புத்தி உனக்கும் ஒட்டிக்கிச்சா?” என்று உன் தங்கை அங்கேயே பிடித்துக்கொண்டாள். ஆனால் என் கையை விடவே இல்லை.

மாட்டிக்கொள்வதற்கு முன்பே வந்ததால் அவசரமில்லாமல் செய்யலாமாம். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைப்பார்கள். நைந்த இடத்தில் கொசுவலை மாதிரி ஒரு வலையை வைத்துத் தைப்பார்கள். கொஞ்ச மாதத்துக்கு மூட்டை தூக்கக்கூடாது. இருமினால் தையலுக்கு ஆகாது என்று டாக்டரம்மா சொன்ன அன்றே பீடியை விட்டேன். இன்றோடு இருபது நாள். நீ இதை நம்பமாட்டாய்.

பயமே இல்லை என்று எழுதி, பிறகு அதை அடித்துவிட்டேன். கொஞ்சம் இருக்கிறது. ஆனால் தைத்த வயிற்றோடு நீ கட்டிலை விட்டு இறங்கி வந்ததைப் பார்த்தவன் நான். நானும் இறங்கி வருவேன்.

அடுத்த வாரம் தையல் பிரிக்கிறார்களாம். பிரித்த அன்றைக்கே உட்கார்ந்து, எங்கே வலித்தது, எவ்வளவு வலித்தது, அழுதேனா என்று எல்லாவற்றையும் உனக்கு எழுதுகிறேன். ஒன்றையும் மறைக்க மாட்டேன்.