எண்ணூர் தாண்டவில்லை

மார்ச் 3, செவ்வாய்
காலையிலேயே வெயில் ஆளைத் தின்கிறது. டோல்கேட் கடைத்தெருவுக்குப் போய் வாங்கியவை: ரப்பர் செருப்பு, வாந்தி மாத்திரை, வீட்டுக்குப் பூட்டு. வரிசையில் நின்று முதுகுவலி.

நாளை மறுநாள் கிளம்புகிறோம். பாய்மரப் படகு ஒன்றை விசாகப்பட்டினத்தில் அதன் முதலாளியிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை. சம்பளம் கிடையாது, சாப்பாடு உண்டு. மூன்றே பேர். கேப்டன் சுமதி மேடம், கப்பல் கம்பெனியில் இருந்தவர். பிரகாஷ், கம்ப்யூட்டர் வேலைக்கு லீவு போட்டு வருகிறான். அப்புறம் நான். ஒழுங்காக இருந்தால் அங்கிருந்து அந்தமானுக்கும் கூட்டிப்போவதாக மேடம் சொல்லியிருக்கிறார். எனக்கு அதுதான் வேண்டும். ரீட்டா இறந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. இந்த வீட்டில் இருக்க முடியவில்லை. அம்மா போனதிலிருந்து மகள் பெங்களூருக்குக் கூப்பிடுகிறாள். அங்கேயும் ஒரு அறையும் டி.வி.யும்தான்.

பக்கத்து வீட்டு செல்வம்: "இன்னா அண்ணாத்த, கூட்ஸ் வண்டி ஓட்னவரு கப்பல் ஓட்டப் போறியாமே?" நான் எஞ்சின் ஓட்டியதில்லை, கார்டாக இருந்தவன். கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டு பக்கத்திலேயே இருந்துகொண்டு இவனுக்கு இன்னும் வித்தியாசம் தெரியாது.

மார்ச் 5, வியாழன், மாலை
வீட்டில் இருக்கிறேன். ராயபுரத்திலிருந்து ஆட்டோ.

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். விடியலில் கிளம்பினோம். லேசான மூட்டம், நல்ல காற்று. திருவொற்றியூர் தாண்டியதும் பிரகாஷ் வாந்தி எடுத்துவிட்டுக் கீழே படுத்துவிட்டான். படகு தானாக ஓடும்படி வைத்துவிட்டு மேடமும் கீழே போனார், ரேடியோவில் பேச. "அண்ணே, முன்னாடி பாத்துக்கிட்டே இருங்க. எது தெரிஞ்சாலும் கூப்பிடுங்க."

தலையாட்டினேன். கொஞ்ச நேரம் முன்னால்தான் பார்த்தேன். அப்புறம் எப்போது திரும்பி உட்கார்ந்தேன் என்று தெரியவில்லை. முப்பது வருஷம் கடைசிப் பெட்டியில் உட்கார்ந்து, விட்டுப்போகும் தண்டவாளத்தைப் பார்த்தே வந்தவன். தண்டவாளத்தில் எதுவும் விழுந்துகிடக்கிறதா, வேறு வண்டி வருகிறதா என்று பின்னால் பார்ப்பதுதான் என் வேலை. உடம்பு அதைச் செய்துவிட்டது. படகுக்குப் பின்னால் தண்ணீரில் கோடு. தூரத்தில் ராயபுரம் சின்னதாகிக்கொண்டிருந்தது. மனசு வெகுநாளைக்கப்புறம் லேசாக இருந்தது, அதையும் எழுதத்தான் வேண்டும்.

எண்ணூருக்கு வெளியே, ஒரு கத்தல். பிறகு படகு எதிலோ இடித்தது. வலையை இறக்கிவிட்டு மோட்டாரை நிறுத்தியிருந்த ஒரு மீன்பிடி ஃபைபர் படகு. அண்ணன் தம்பி இரண்டு பேர், எர்ணாவூர்க்காரர்கள். அண்ணன் மாரி எங்கள் படகைத் தள்ளிவிடக் கை நீட்டியிருக்கிறார். இரண்டு படகுக்கும் நடுவில் கை மாட்டிக்கொண்டது.

தம்பி என்னைப் பார்த்து: "யோவ், கண்ணு இன்னா பொடனிலயா கீது?"

மேடம் மாரியை ஏற்றிக்கொண்டு படகைத் திருப்பினார். வழியெல்லாம் மாரி முனகவே இல்லை. அது இன்னும் மோசம்.

கரையில் போலீஸ்காரர் கேட்டபோது மேடம் முந்திக்கொண்டார். "நாங்க பாத்தோம். ஃபைபர் படகு திடீர்னு குறுக்க வந்துச்சு. திருப்ப நேரமில்ல." அப்புறம் தனியாக என்னிடம், "உங்களுக்காகத்தான் சொன்னேன். சனிக்கிழமை கிளம்பிடலாம். இதையே சொல்லுங்க" என்றார்.

சரி என்றேன்.

மார்ச் 6, வெள்ளி
மூட்டம் இல்லை. வெக்கை. தவக்கால வெள்ளி, சர்ச்சில் சிலுவைப்பாதைக்குப் போகவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆரஞ்சு, பிரெட். மாரிக்கு மணிக்கட்டு நொறுங்கியிருக்கிறது, ஆபரேஷன். பழையபடி வலை இழுக்க முடியுமா என்று டாக்டர் சொல்ல மாட்டேன் என்கிறாராம். மாரியின் மனைவி என் முகத்தைப் பார்க்காமல் பையை வாங்கிக் கட்டிலுக்கு அடியில் வைத்தார்.

மாரியே ஆரம்பித்தார். "ஒண்ணே ஒண்ணு சொல்லு நைனா. அந்தம்மா பாத்தோம்னு சொல்லிச்சாம். எங்களப் பாத்துகினேவா வந்து மோதுனீங்கோ?"

ஸ்டூலை இழுத்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"பெரிய கப்பல்காரன் அப்டித்தான் வருவான். நாங்க நவுந்துக்கணும், இல்லாங்காட்டி சாவணும். நீயும் அப்டித்தானானு கேக்கறேன்."

"இல்ல மாரி. நான் பாக்கவேயில்ல. பின்னாடி பாத்துகினு இருந்தேன். நீ குறுக்க வரல. தப்பு என்னுது."

தம்பி எழுந்துவிட்டான். அடிக்கப்போகிறான் என்று நினைத்தேன். மாரி நல்ல கையால் அவனைப் பிடித்து உட்காரவைத்தார். "பாக்கலயா. சரி. பாத்துட்டு வந்திருந்தா எனக்கு ஆறாது."

அவர் மனைவி மட்டும்: "பாக்காட்டி கை வந்துருமா?"

அங்கிருந்து நேராகப் போலீஸ் ஸ்டேஷன் போய், மாரியிடம் சொன்னதையே எழுதிக்கொடுத்தேன். மேடத்துக்கு போன் செய்து சொன்னேன். "உங்கள நம்பி நான் பொய் சொன்னேன் அண்ணே" என்றார். வைத்துவிட்டார்.

மார்ச் 8, ஞாயிறு
பூசைக்குப் போய்விட்டு, என் பையை எடுக்கத் துறைமுகம். அதை வாட்ச்மேனிடம் கொடுத்திருந்தார்கள். நான் எழுதிக்கொடுத்த ஸ்டேட்மென்டால் படகு இப்போதைக்கு நகரக்கூடாதாம். பிரகாஷ் வீட்டுக்குப் போய்விட்டான். மேடம் படகின் மேலேதான் இருந்தார். என்னைப் பார்த்தார். உள்ளே போய்விட்டார்.

அந்தமான் இல்லை. இனி எந்தப் படகும் இல்லை.

மாரிக்கு நாளை ஆபரேஷன்.

வீட்டைத் திறந்தேன். பையைக் கீழே வைத்துவிட்டு, "ரீட்டா, கேட்டியா" என்றபடி அடுப்படி வரை போய்விட்டேன்.