ஸ்டியரிங்கில் ஒரு நீலப் புள்ளி

உத்திரமேரூர்,
தை மாதக் கடைசி ஞாயிறு

அன்பு மகள் இளமதிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் மாடு கன்றுகளும் நலம். அந்தக் குளிரில் நீ நலமாக இருக்க வேண்டும் என்பதுதான் எப்போதும் என் நினைப்பு. தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். அன்று போனில் நான் சொல்லாத ஒன்றை எழுதத்தான். நாங்கள் சுரண்டிக்கொண்டிருந்த பழைய ஸ்டியரிங் வளையத்தைப் பார்த்து, முன்பக்கம் சின்னதாக இரண்டு குழி தெரிகிறது, கம்பெனியில் செய்தபோது அப்படி இருந்திருக்காது, தேய்த்துச் சமமாக்கிவிடுங்கள் என்றாய். அது குழி இல்லை, உன் அண்ணன் ஸ்ரீராம்குமார் கடித்த பல் தடம் என்று நான் சொல்லவில்லை. கண்ணாடித் துண்டைக் கையில் எடுத்த அப்பாவிடமும், கொஞ்சம் நிறுத்துங்க என்று சொல்லவில்லை.

உனக்கு அவனைப் போட்டோவில் மட்டும்தான் தெரியும். நீ பிறப்பதற்கு முந்தைய வருஷம் காய்ச்சலில் போனவன். அப்பா அப்போது சென்னையில் கார் பட்டறை ஒன்றில் வேலையில் இருந்தார். புதுப்பேட்டையில் பிரித்துப் போட்ட பழைய கார் சாமான்களுக்கு நடுவில் இதைப் பார்த்து, மரத்தில் ஸ்டியரிங்கா என்று ஆசைப்பட்டு எடுத்துவந்தார். கட்டில் காலில் பலகை அடித்து அதில் மாட்டிக் கொடுத்தார். பல் முளைக்கிற வயதில் ஈறு அரிக்கும் அல்லவா, அவன் ஓட்டியதைவிடக் கடித்ததுதான் அதிகம். முன்பக்கம் மேல்பல் இரண்டும், பின்பக்கம் கீழ்ப்பல் இரண்டும் பதிந்திருந்தன. பேச்சு வந்த பிறகு ஒரே பஸ்தான். காஞ்சிவரம் காஞ்சிவரம் ஏறு ஏறு என்று கத்துவான், அம்மா நீ எறங்கு, உனுக்கு டிக்கெட் இல்ல என்று என்னை மட்டும் இறக்கிவிடுவான். அவன் போன பிறகு வந்த மாட்டுப் பொங்கலில், கொம்புக்குப் பூசி மீந்த நீலப் பெயிண்டை அப்பா அந்த வளையம் முழுக்கப் பூசிக் கொட்டகை ஆணியில் மாட்டினார். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பிறகு வருஷா வருஷம் கொம்புக்கு என்ன நிறமோ அதற்கும் அதே நிறம். நீ பார்த்து வளர்ந்தது அந்தக் கலர் வளையத்தைத்தான்.

நீ வெளிநாடு போய் டூரினில் பழைய கார்களைச் சரிசெய்யும் பட்டறையில் சேர்ந்த பிறகு உனக்கு அதன் ஞாபகம் வந்து, அம்மா, அதன் நடுத்தட்டைச் சுத்தம் செய்து காட்டு என்றாய். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அதில் கல்லாக இறுகியிருந்தன. வெந்நீர் ஊற்றிப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்க்கத் தேய்க்கப் பாதி அழிந்த எழுத்துகள் மேலே வந்தன. அதையும், மூன்று அலுமினிய ஆரக்கால்களில் உள்ள நீளத் துளைகளையும், பின்பக்கம் விரல் பதிய இருக்கும் மேடு பள்ளத்தையும் படம் எடுத்து அனுப்பினேன். உன் முதலாளி அதைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார் என்றாய். அந்த ஊரிலேயே அறுபதுகளில் செய்த ஸ்போர்ட்ஸ் காருடையது, அதே கார் ஒன்று ஸ்டியரிங் இல்லாமல் உங்கள் பட்டறையில் நிற்கிறது, அதைச் சரிசெய்து முடிப்பதுதான் உன்னுடைய முதல் சொந்த வேலை என்றாய். அப்பாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பக்கத்து நிலத்துச் செங்கேணி வந்து, இன்னா கதிரு, ஸ்டியரிங் கீது, கார் எங்க கீது, கப்பல்ல வருதா என்று கிண்டல் செய்தார். என் பொண்ணு ஓட்டிக்கினு வருவா, நீ ஏரிக்கரையில கொடை புடிச்சிக்கினு நில்லுய்யா என்றார் அப்பா. அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்து எத்தனையோ காலமாகிவிட்டது.

நீ சொன்னபடியே எல்லாம் செய்தோம். தின்னர் தொட்டுத் துணியால் ஊறவைத்து, உடைந்த கண்ணாடியால் சுரண்டினால் பச்சைக்குக் கீழே சிவப்பு, அதற்கும் கீழே நீ பத்தாவது எழுதிய வருஷத்து மஞ்சள் என்று ஒவ்வொரு பொங்கலாக உரிந்து வந்தது. வெடிப்பில் பசை விட்டு சைக்கிள் டியூப்பால் இறுக்கிக் கட்டினோம். கடைசியாக அந்த முதல் நீலம் வந்தது. அது உரிந்த இடத்தில்தான் பல் தடம் தெரிந்தது, அந்த நேரம் பார்த்து நீயும் போனில் இருந்தாய். சரி பாப்பா, சமமாக்கிடறேன் என்றார் அப்பா. அவருக்குக் கண்ணில் புரை விழுந்திருக்கிறது, அறுவடை முடியட்டும், ஆபரேஷன் செய்துகொள்கிறேன் என்று நாளைக் கடத்துகிறார். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் விரலுக்குத் தெரியும், தெரிந்தால் அவரே நிறுத்துவார் என்று காத்திருந்தேன். புத்தகங்களில் இப்படி ஓர் இடம் வந்தால் யாராவது ஒருவர் வாயைத் திறந்துவிடுவார்கள். எங்கள் வீட்டில் அவன் பெயரைச் சொல்லும் பழக்கமே விட்டுப்போனது. நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனேன். திரும்பி வந்தபோது முன்பக்கமும் பின்பக்கமும் வழவழவென்று இருந்தன.

அவர் மறந்துவிட்டார் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன், மனதுக்குள் கோபித்துக்கொண்டேன்கூட. ஆனால் இடதுபக்க ஆரக்காலை ஒட்டி ஒரு கையகலம் மட்டும் பெயிண்டை உரிக்காமலே வைத்திருந்தார். கை வலியாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். மறுநாள் சாயந்திரம் கண்ணாடியே வைக்காமல், தின்னர் நனைத்த துணியால் அந்த இடத்தை மட்டும் குழந்தைக்கு முகம் துடைப்பதுபோலத் துடைத்துக்கொண்டிருந்தார். நீலமும் போனது. அடியில் வெறும் மரம். கட்டை விரலை அங்கேயே முன்னும் பின்னும் தடவினார். பிறகு என்னைப் பார்த்து, எங்க கீது பவளம், இங்கதான அவன் கடிச்சி வெச்சான் என்றார். எனக்கு அப்போதுதான் புரிந்தது. கட்டிலில் அவன் ஓட்டியபோது அந்த இடம் இடதுபக்கம்தான் இருந்தது. கொட்டகை ஆணியில் தலைகீழாக மாட்டியதில் இடம் வலமாகிப் போனது, சுரண்டும்போதும் அவர் அதே வாக்கில்தான் வைத்திருந்தார். இத்தனை வருஷமும் அவர் அந்த இடத்தை மறக்கவே இல்லை. காப்பாற்றி வைத்தது வேறு இடம், அவ்வளவுதான். நான் அவர் விரல் பக்கத்திலேயே என் விரலை வைத்து, இங்கதாங்க, வருஷா வருஷம் பெயிண்டு ஏறி அடைஞ்சிப் போயிருக்கு, உள்ளதான் கீது என்றேன். அவர் தலையாட்டினார். விரலை எடுக்கவே இல்லை.

நீ சொல்லித்தான் தேய்த்தார் என்று மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே, உனக்கு யாரும் சொல்லவில்லை, உன்மேல் ஒரு குற்றமும் இல்லை. வேளைக்குச் சாப்பிடு, ரொட்டியையே தின்றுகொண்டிருக்காமல் ஒருவேளையாவது சோறு வை. காலுறை ஈரமாக இருந்தால் உடனே மாற்று. உன் அம்மா இருக்கிற வரைக்கும் எதையும் மனதில் அடக்கி வைக்காதே, என்னைப்போல் ஆகிவிடாதே. நீ தொட்ட வேலையெல்லாம் துலங்கட்டும், அந்தக் கார் உன் கையால் ஓடட்டும், உடம்பும் மனமும் ஒரு குறையில்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும் என்று நம் ஊர்ப் பெருமாளிடம் வேண்டிக்கொண்டேன்.

இந்தக் கடிதம் வந்து சேரும்வரை பார்சலைப் பிரிக்காதே என்று போனில் சொன்னது இதற்காகத்தான். வார்னிஷ் காய்ந்த பிறகு அப்பா கொட்டகைக்குப் போய் இந்தப் பொங்கலுக்கு வாங்கிய கொம்புப் பெயிண்டை எடுத்துவந்து, நான் காட்டிய இடத்தில் விரல் நுனியால் நீலமாக ஒரு புள்ளி வைத்தார். பெயிண்ட் சிந்திவிட்டது என்று நினைத்துத் துடைத்துவிடாதே. உன் முதலாளி கேட்டாலும் துடைக்க விடாதே. அது சரியான இடம் இல்லை என்பது அப்பாவுக்குத் தெரியாது, நீயும் சொல்லாதே. புள்ளி காயும்வரை அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், பிறகு இரண்டு பேருமாகச் சாக்குத் துணி சுற்றிக் கட்டிப் பஸ் ஸ்டாண்டு கூரியரில் கொடுத்துவிட்டு வந்தோம்.

உன் அம்மா,
பவளம்